தோணிக்காரி சொன்னது

என் தங்கச்சி பொய் சொன்னாள். இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோறும், என் காதுக்குள்ளேயே பொய் சொன்னாள். அவள் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவளே வேண்டுமென்று தப்பாக மொழிபெயர்த்தாள். எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோபத்தைவிட, இதை எப்படி இரண்டு வருடம் கண்டுபிடிக்காமல் இருந்தேன் என்பதுதான் என்னைக் குடைகிறது.

நான் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் வாடகை வீடு. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே பேச்சு இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். தங்கச்சி ராதாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், அங்கேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா அம்பாசமுத்திரத்து வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அங்கேதான் இருப்பேன் என்று பிடிவாதம். ஒரு வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. மறுநாளே நான் கார் பிடித்துப் போய், அம்மாவையும் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு புதுப் பூட்டு வாங்கி வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன்: "அம்மா இனி பாளையங்கோட்டையில் என்னுடன் இருப்பார்கள்." சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு காரியம் என்றால் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் போனிலாவது சொல்ல வேண்டும். "குரூப்ல பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டேன்" என்று ஒருத்தர் சொன்னால், அது நம்மைச் செருப்பால் அடித்த மாதிரி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கூப்பிடவில்லை என்றால், கூப்பிட்டால் அவள் பேசுவாள். எந்த டாக்டர் பார்த்தார், அம்மா சம்மதித்தாளா, காலாண்டு லீவு வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று நூறு கேள்வி வரும். எனக்கு இரண்டு நாள்தான் லீவு. கேள்வி இல்லாமல் வேலையை முடித்தேன். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் நேரம் இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்குக் காலாண்டு லீவு அன்றைக்கே தொடங்கியது. அம்மாவுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்கலாம் என்று கிளம்பியிருக்கிறாள். ராதாபுரத்திலிருந்து ஒரு பஸ், திருநெல்வேலியில் இறங்கி அம்பாசமுத்திரத்துக்கு இன்னொரு பஸ். அம்மா இருந்த என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அவள் பஸ் போயிருக்கிறது. குரூப்பை அவள் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் பையோடு போய் நின்று பூட்டைப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் விவரம் சொன்னார்களாம்.

வந்து சண்டை போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன், முடிந்திருக்கும். அவள் போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். லீவுக்கு அம்மாவைக் கூட்டிப் போக வரும்போது ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடிக்கச் சொல்வாள். என் வீட்டுப் படியை இன்றுவரை மிதிக்கவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் அவளிடமிருந்து ஒரு மெசேஜ். "ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேர் வேணும். இங்க யாரும் ஆடமாட்டாங்க. ஆடுதியா?" அவ்வளவுதான். நான் "சரி" என்று போட்டேன்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நான்கு பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் சண்டை வரும். அதைவிட அதிகமாகப் பேச்சு வரும். நால்வரில் ஒருவன் நான், ஒருத்தி அவள். மீதி இரண்டு இடத்துக்கு ஆள் பிடிக்க இரண்டு வழி உண்டு. வழியில் எதிர்ப்படுகிற ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் கதையோடு வருவார்கள். ஊர் இருக்கும், பழைய பகை இருக்கும், ராத்திரி கூடாரம் போட்டால் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நம்மைக் குறை சொல்வார்கள். ரொம்பப் பிடிக்காமல் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயே விடுவார்கள். அது வேண்டாமென்றால் சத்திரத்துக்குப் போய் நாமே ஓர் ஆளைச் செய்துகொள்ளலாம். மூக்கு, முடி, பலம், வித்தை எல்லாம் நம் இஷ்டம். சொன்னதைச் செய்வான். ஒரு வார்த்தை பேச மாட்டான், ஏனென்றால் அவனுக்கு யாரும் வசனம் எழுதிவைக்கவில்லை.

நான் முதல் நாளே ஒரு கேடயக்காரனைச் செய்தேன். அவள் ஒரு தோணிக்காரியைச் சேர்த்தாள். ஒரு இடம் என் இஷ்டம், ஒரு இடம் அவள் இஷ்டம். இதுதான் பேச்சு.

தோணிக்காரி என்றால், ஆற்றுத் துறையில் தோணி விட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பளை. துடுப்பால் அடிப்பாள். ஒரு காது கிடையாது. கூரைக்கு உள்ளே போனால் பாதி பலம் குறைந்துவிடும். இப்படி ஒருத்தியைச் சண்டைக்குக் கூட்டிப் போகிறவர்கள் உலகத்தில் உண்டா என்று கேட்டேன்.

"நீ செஞ்சி வச்சிருக்கியே, அவன் நீ நெனச்சத மட்டும்தான செய்வான்" என்றாள் தங்கச்சி. "அதுக்கு ரெண்டு ஆளு எதுக்குண்ணே? நீயே ரெண்டு தடவ அடிச்சிக்கிட வேண்டியதான."

அந்த விளையாட்டில் குரல் கிடையாது, எழுத்து மட்டும்தான் வரும். நான் தமிழ் மீடியம். மெஷின் மேனுவல் படிப்பேன், ஆனால் இவர்கள் பேசுகிற இங்கிலீஷ் முந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்தவன் பேசுகிற இங்கிலீஷ். அதனால் பேச்சு வரும்போதெல்லாம் அவள் படித்து, நம்ம ஊர்ப் பேச்சில் எனக்குச் சொல்வாள். அந்த நேரம் நான் திரையில் வருகிற எழுத்தைப் பார்க்க மாட்டேன். பையில் இருக்கிற அம்பு, மருந்து எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருப்பேன். காது மட்டும் போனில், அவளிடம் இருக்கும்.

"தோணிக்காரி சொல்லுதா, 'இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்துட்டு எங்க போறோம்னு ஒரு வார்த்த சொன்னானா இவன்'ங்கா."

"அவளுக்கு எதுக்குச் சொல்லணும்? வாறதுதான அவ வேல."

"அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லு."

அவள் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்கும். "'ஒங்கிட்ட பதில் வேற எதிர்பாத்தேம் பாரு'ங்கா."

நான் சிரிப்பேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஸ்பீக்கரில்தான் போட்டிருப்பேன். கொஞ்ச நாளில் அம்மாவே ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், "எய்யா, தோணிக்காரிய இன்னும் காணோம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். தோணிக்காரி நிறையப் பேசினாள். கூடாரத்தில் போடுகிற சாப்பாட்டில் சொதி இல்லை என்று ஒருநாள் சொன்னாள். இங்கிலீஷில் ஏதோ குழம்பைச் சொல்லியிருப்பார்கள், இவள் நமக்குப் புரிகிற மாதிரிச் சொதி என்கிறாள் என்று நினைத்தேன். இன்னொரு நாள், துறைக்குத் திரும்பிப் போனபோது தன் வீடு பூட்டிக் கிடந்ததாகச் சொன்னாள். "'பூட்டு புதுசா இருந்துச்சி. கையில பையோட நின்னேன். பக்கத்து வீட்டுக்காரிதாம் தண்ணி குடுத்தா'ங்கா." அம்மா உருவிக்கொண்டிருந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு உள்ளே எழுந்து போனாள். நான் அம்பை எண்ணிக்கொண்டிருந்தேன். மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதற்கு அளவு கேட்டால் இதைச் சொல்லலாம்.

எப்படியோ, வாரத்தில் ஒன்றரை மணி நேரம் தங்கச்சி என்னோடு பேசினாள். வேறு எந்த நாளும் பேசவில்லை. அந்த நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஞாயிறு ஷிப்ட் போட்டால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மாற்றுவேன்.

அதை நானே கெடுத்தேன்.

உப்புக்கோட்டை என்று ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டோம். முழுக்கக் கூரை. தோணிக்காரி முதல் அடியிலேயே விழுவாள். நான்கு ஞாயிறு தோற்றோம். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் அதே விளையாட்டைத் தனியாக ஆடுகிறவர். அவரிடம் புலம்பினேன்.

"அந்தத் துடுப்புக்காரிய இன்னுமா வே வச்சிக்கிட்டு அழுதீரு?" என்றார். "பத்தி விடும். என் ஆளுவ மூணு பேரையும் நானே செஞ்சது. பேரு கேக்கீரா? ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

"கூடாரத்துல யாரும் பேசலன்னா சப்புன்னு இருக்காது?"

"வீட்டுல பொண்டாட்டி பேசுதா, பிள்ள பேசுது, இங்க சூப்பர்வைசர் பேசுதான். ஒருத்தராவது நம்ம சொல்லக் கேக்காவளா? அங்கனயாவது கேக்கட்டும்னு இருக்கேன். ஒமக்கு என்ன வே வருத்தம்?"

பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை சாயங்காலம் சத்திரத்துக்குப் போய் ஒரு நல்ல மந்திரக்காரனைச் செய்தேன். தோணிக்காரியைத் துறைக்கு அனுப்பிவிட்டு அவனை அவள் இடத்தில் நிறுத்தினேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்ததும் அவள் கேட்டாள். "இது யாரு?"

"புது ஆளு. நெருப்பு விடுவான். இன்னைக்குக் கோட்ட முடிஞ்சிரும் பாரு."

"தோணிக்காரி?"

"அனுப்பிட்டேன்."

கோட்டை அரை மணி நேரத்தில் விழுந்தது. நான் கைதட்டினேன். ராத்திரி கூடாரம் போட்டோம். நெருப்பைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். ஒருத்தரும் பேசவில்லை. படித்துச் சொல்ல அவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை. அவள் வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வேற என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வைக்கட்டா?" வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வேலை இருக்கிறது என்றாள். அதற்கடுத்த ஞாயிறு பதிலே இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொம்மைக்காகவா இத்தனை வீம்பு. பிறகு யோசனை வந்தது. அந்தத் தோணிக்காரியிடம் அப்படி என்னதான் இருக்கிறது? நானும்தான் இரண்டு வருடம் அவள் பேச்சைக் கேட்டேன், சிரித்தேன், அவள் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. மெஷின் நின்றால் கடைசியாக எது சரியாக ஓடியது என்று பார்ப்போம். அதே போல, முன்பு சேமித்துவைத்திருந்த பழைய ஆட்டம் ஒன்றைத் திறந்தேன். அதில் தோணிக்காரி இன்னும் இருந்தாள். தனியாக உட்கார்ந்து அவளிடம் பேச்சுக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் போன் கேமராவில் காட்டித் தமிழாக்கிப் பார்த்தேன்.

ஆற்றில் இன்றைக்கு மூடுபனி அதிகம் என்றாள். துடுப்புக்கு எண்ணெய் போட வேண்டும் என்றாள். என் காதைக் கடித்தது மீன் இல்லை, என் முதலாளி என்றாள். அது கொஞ்சம் நன்றாக இருந்தது. மற்றபடி மூன்று மாலை உட்கார்ந்து, அவளுக்கு எழுதிவைத்த எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். பூட்டு இல்லை. பை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி இல்லை. எங்கே போகிறோம் என்று யாரையும் அவள் கேட்கவே இல்லை. இவ்வளவு அமைதியான பொம்பளையா இவள் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஒன் மவ இத்தன நாளும் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கா."

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "கோட்டைக்கு நடந்து போறவ எங்கயாவது சொதி கேப்பாளால? எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அவ யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்தா. ஒனக்குக் கேட்டுச்சோ என்னமோன்னு இருந்தேன்."

மறுபடி யோசித்துப் பார்த்தேன். தோணிக்காரி சொன்னதாக நினைவிருந்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினேன். எங்கே போறோம்னு சொன்னானா. பூட்டு புதுசா இருந்துச்சி. ஒங்கிட்ட பதில் எதிர்பாத்தேம் பாரு. ஒரு பக்கம் நிறைந்தது. அதைப் படித்தால் தோணிக்காரியின் கதையாக இல்லை. தங்கச்சி எனக்கு எழுதாமல் விட்ட கடுதாசியாக இருந்தது. அதற்கு நான் கொடுத்த பதில்களையும் பக்கத்தில் எழுதினேன். வாறதுதான அவ வேல. நான் சொன்னதுதான். யாரும் இட்டுக்கட்டவில்லை.

அவளுக்கு மெசேஜ் போட்டேன். "தோணிக்காரியைத் திருப்பிக் கூப்பிடப் போறேன். நீ இல்லாமல் முடியாது. வா." அது பாதிதான் நிஜம். நான் மட்டும் போனாலே தோணிக்காரி வருவாள். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

துறைக்குப் போனோம். தோணிக்காரி தோணிப் பக்கத்தில் நின்றாள். இந்த முறை நான் பையை அடுக்கவில்லை. போனை எடுத்துத் திரைக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோணிக்காரியின் வரி வந்தது. போன் அதைத் தமிழில் காட்டியது: "நீங்கள் ஆற்றைக் கடக்க விரும்புகிறீர்களா?"

தங்கச்சி படித்தாள். "'எதுக்கு என்னைய அனுப்புன, யாரக் கேட்டு அனுப்புனன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லு. சொன்னாத்தாம் வருவேன்'ங்கா."

என் வாயில் கேள்வி வந்துவிட்டது. பொய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எல்லாருன்னா யாருளா?" என்றேன்.

"குரூப்ல இருக்காவல்லா, அவிய எல்லாரும்தாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். ஃபேன் சத்தம் கேட்டது. என் பக்கம் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"தோணிக்காரி எந்த குரூப்ல இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று நானும் அம்மாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே குரூப்பில் எழுதினேன். எனக்கு நயமாக எழுத வராது. இப்படித்தான் எழுதினேன்: "மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிவந்தபோது தங்கச்சியைக் கேட்கவில்லை. நேரம் இல்லை என்று உங்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய். போன் பண்ண இரண்டு நிமிடம் போதும். அவள் எதிர்த்துப் பேசுவாள் என்பதால்தான் கேட்கவில்லை. அவள் இரண்டு பஸ் மாறி வந்து பூட்டின வீட்டு வாசலில் நின்றாள். தப்பு என்னுடையது. இப்போது அவளிடம் ஒரு கேள்வி. இத்தனை நாள் என்னிடம் பேசியது தோணிக்காரியா, நீயா?"

சித்தப்பா கட்டைவிரலைத் தூக்கினார். அவர் எதையும் படிப்பதில்லை. மாமா கும்பிடு போட்டார். அத்தை உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, "தோணிக்காரிங்கது பொண்ணு வீட்டுக்காரவளா? எந்த ஊரு?" என்று கேட்டாள். தங்கச்சி படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் குறி விழுந்தது. குரூப்பில் பதில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எனக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ். "சரி."

அந்தச் சரியை நான் ஏற்கவில்லை. எதற்குச் சரி? தனியாகச் சொன்னால் நாளைக்கு அதையும் தோணிக்காரி சொன்னதாக மாற்றிவிடலாம். இரண்டு வருடம் அதைத்தான் செய்திருக்கிறாள், கைதேர்ந்தவள்.

நான் செய்துவைத்த மந்திரக்காரனை நீக்கிவிட்டேன். கேடயக்காரனையும் நீக்கிவிட்டேன். தோணிக்காரியை இன்னும் கூப்பிடவில்லை. இரண்டு இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் எதிர்த்துப் பேசுகிற யாரை வேண்டுமானாலும் அவள் கொண்டுவரட்டும், என்னைக் கேட்க வேண்டாம்.

ஆனால் கேட்டதற்குப் பதில் வேண்டும். எல்லார் முன்னாலயும் சொல்லு என்று கேட்டது நீதான் தங்கச்சி, நான் சொல்லிவிட்டேன். இப்போது உன் முறை. அதே குரூப்பில், சித்தப்பாவும் அத்தையும் பார்க்க, உன் பேரிலேயே எழுது. பேசியது நீதான் என்று சொல்லு. அடுத்த லீவுக்கு ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்துவாயா, வாசலில் நிறுத்துவாயா, அதையும் அங்கேயே சொல்லு.